குரல் வராத இருபது கணினிகள்

அச்சகம் மூடப்பட்ட பிறகு இசக்கிமுத்து பார்வையற்றோர் பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்போது அவருக்கு ஐம்பது வயது. அந்த வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆரோக்கிய செல்வி. அவரைவிடப் பதினேழு வயது இளையவர். பிறவியிலேயே பார்வை இல்லை.

மறு வருடம் தட்டச்சுத் தேர்வு அந்த மையத்திலேயே நடப்பதாக இருந்தது. அதற்கு இருபது கணினிகளிலும் டெஸ்க்டாப் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் வந்தது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்ற இசக்கிமுத்துவுக்குப் பொறுமையில்லை. தானாகவே எல்லாவற்றையும் மாற்றிவிடும் ஸ்கிரிப்ட் ஒன்றை, அதாவது கட்டளை வரிகளை, எழுதி ஓட்டினார். இருபது முறை 'முடிந்தது' என்று வந்தது. திரைகளும் பளிச்சென்று ஒளிர்ந்தன. பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை பதினோரு பேர் தேர்வுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு விசைகளைத் தட்டினார்கள்.

எந்தக் கணினியும் பேசவில்லை.

திரையை வாசித்துச் சொல்லும் பழைய குரலை ஸ்கிரிப்ட் நீக்கியிருந்தது. புதியது இறங்கும்போது இணைய இணைப்பு அறுந்திருந்தது. இசக்கிமுத்து ஒவ்வொரு கணினியாக ஓடினார். ஒன்றிரண்டில் இரைச்சல் மட்டும் வந்தது. தேர்வு அதிகாரி ஒரு மணி வரை காத்திருந்துவிட்டு, வினாத்தாள் உறையைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த தேர்வு அடுத்த வருடம்தான். பதினோரு பேரில் ஒருத்தியான பேச்சியம்மாளுக்கு அதற்குள் வயது வரம்பு கடந்துவிடும்.

எல்லோரும் போன பிறகு இசக்கிமுத்து ஆரோக்கிய செல்வியிடம் கேட்டார்.

"பேச்சிகிட்ட என்ன சொல்றது டீச்சர்?"

"நான் சொல்லிட்டேன்."

"அழுதாளா?"

"இல்ல. பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டா."

இசக்கிமுத்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"எங்க தப்பாச்சுன்னே தெரியல. எல்லாம் முடிஞ்சதுன்னுதான் வந்துச்சு."

"என் கணினியும் பேசல. நீங்க எழுதுனதை வாசிங்க. வரி வரியா."

அவர் வாசித்தார். ஒன்பதாவது வரியில் குரல் தாழ்ந்தது.

"அந்த வரியத் திரும்ப வாசிங்கண்ணே."

"பிழை வந்தா காட்டாத. அடுத்த வேலைக்குப் போ."

"இத எப்ப சேர்த்தீங்க?"

"சனிக்கிழமை. முதல் கணினியிலேயே ரெண்டு தடவை நின்னுபோச்சு. எரிச்சலா வந்துச்சு."

"நின்னப்போ ஏதாவது எழுதிக் காட்டுச்சா?"

"காட்டுச்சு. நாலு வரி."

"என்ன இருந்துச்சு?"

"படிக்கல டீச்சர்."

ஆரோக்கிய செல்வி பக்கத்திலிருந்த விசைப்பலகையைத் தடவி ஒரு விசையை அழுத்தினார். காது கொடுத்துக் கேட்டார். கையை எடுத்துக்கொண்டார்.

"திட்டிடுங்க டீச்சர். இப்படி இருக்காதீங்க."

"திட்டுனா பேச்சி எழுதிருவாளா?"

இசக்கிமுத்து திரையில் மறுபடி அந்த ஒன்பதாவது வரிக்குப் போனார்.

"அந்த வரிய அழிச்சிடுறேன்."

"அழிங்க."

"அழிச்சா, பிழை வரும்போதெல்லாம் நின்னுருமே."

"நிக்கும்."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"நீங்களும் நில்லுங்கண்ணே."