ஒப்புக்குச் சப்பாணி

மீன் விற்கப் போகும் பெண்கள் தங்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கடலோரப் புன்னைத் தோப்பில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் குரு மங்களவல்லி. அவருடைய சீடர் ஆதிமூலம், குருவைவிட வயதில் மூத்தவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தோப்பை எப்பம்மா என் பொறுப்புல விடுவீங்க? இதுக்காகத்தான் வீட்டை விட்டு வந்தேன்."

"பிள்ளைங்க உங்களை விளையாட்டுல சேத்துக்கிட்ட அன்னைக்கு."

ஆதிமூலம் போய்க் கேட்டார். பிள்ளைகள் கூடிக் கூடிப் பேசினார்கள்.

"ஒப்புக்குச் சப்பாணியா இருங்க சார்," என்றாள் சகாயராணி. அவளுக்கு ஐந்து வயது. அங்கே அவள்தான் பெரியவள். "நீங்க அவுட்டே ஆக மாட்டீங்க. ஜாலி."

அவர் தினமும் போய் உட்கார்ந்தார். ஓலைக் காற்றாடி மடிக்கச் சொல்லிக்கொடுத்தார். கோணலாக மடித்தால் பிரித்துச் சரிசெய்தார். தேங்காய்ச் சிரட்டையில் மண் சோறு வந்தால் வாங்கிக்கொண்டார்.

ஒரு நாள் காலை, காற்று நின்றுபோயிருந்தது. ஆதிமூலம் தோப்புக்குள் நுழைந்தபோது மரத்தடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது. தென்னை ஓலை உடம்பு. புன்னைக்காய்க் கண்கள். தோளில், நேற்று அவர் கிளையில் மறந்துவிட்டுப் போன துண்டு.

பிள்ளைகள் அதற்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

"சார், இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று அதனிடம் கேட்டாள் சகாயராணி. பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு சிரித்தாள். "போதுமாம்."

"யாரு இது?" என்றார் ஆதிமூலம்.

யாரும் திரும்பவில்லை.

"சகாயராணி, நான் இங்க நிக்கிறேன்."

குட்டிப் பையன் ஜெரோன் மட்டும் தலையைச் சாய்த்தான். "அக்கா, என்னமோ பேசுது."

"காத்துடா."

"காத்தே அடிக்கலியே."

"அப்ப ஏதாவது காத்து கருப்பா இருக்கும். பாக்காத. மூணு தடவை துப்பு."

அவன் துப்பினான். அது ஆதிமூலத்தின் காலில் விழுந்தது.

அவர் குனிந்து துண்டை இழுத்தார். மறுமுனையை யாரோ பிடித்திருப்பதுபோல் அது வரவில்லை. ஓலை சலசலத்தது.

சகாயராணி ஓலை ஆளைக் கட்டிக்கொண்டாள். "பயப்படாதீங்க சார். நாங்க இருக்கோம்ல."

குரு கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆதிமூலம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அம்மா, உங்களுக்கு நான் தெரியறேனா?"

"தெரியறீங்க."

"பிள்ளைங்களுக்குத் தெரியல. ஒரு ஓலையைப் போய் சார்ங்கறாங்க. அது பதில் வேற சொல்லுதாம்."

குரு ஒரு சிப்பியை அலையில் அலசினார்.

"உங்களுக்குப் போட்ட சோத்தை என்ன பண்ணீங்க?"

"மண்ணும்மா அது. வாய்கிட்டக் கொண்டுபோய் நல்லாருக்குன்னு சொல்லிட்டு, பின்னால கொட்டிட்டேன்."

"என்ன சோறுன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

அலை வந்து போனது.

"தப்பாம்மா? அவங்க சந்தோஷத்துக்குத்தானே சாப்பிடற மாதிரி நடிச்சேன்?"

"அவங்களும் உங்க சந்தோஷத்துக்குத்தான், இத்தனை நாளா, நீங்க இருக்கற மாதிரி நடிச்சாங்க."