பயில்வானின் சாட்சி

எஸ்றா பயில்வான் தன் குருவைத் தேடி மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது நல்ல உச்சி வெயில். பஸ்ஸை விட்டு இறங்கி அவருடைய ஜெபவீடு வரைக்கும் நடப்பதற்குள் அங்கங்கே மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். ஒரு காலத்தில் முழு ஆளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கோதாவைச் சுற்றி வந்த மனிதர். இப்போது தன் உடம்பைச் சுமந்து நடப்பதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அவரைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. டிக்கெட் போட்டு நடக்கும் குஸ்திகளில் ‘மலைச்சிங்கம்’ என்ற பெயரோடு கொழும்பு, பினாங்கு என்று போய் ஜெயித்து வந்தவர். பிறகு தொண்டையில் புற்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டு, கரண்டு என்று ஊரில் சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். கழுத்துத் தோல் கருகி, குரல் உடைந்து, உடம்பு பாதியாகி, எப்படியோ உயிரோடு வீடு வந்து சேர்ந்தார். நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்துதான் பயில்வானுக்கு நிம்மதி போயிற்று.

குருவின் பெயர் இஸ்ரவேல். பயில்வானைவிட வயதில் இளையவர். பலமாகக் காற்றடித்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், அப்படி ஒரு உடம்பு. இந்த நோஞ்சானிடம் மலைச்சிங்கத்துக்கு என்ன வேலை என்று ஊரில் கேலி பேசுவார்கள். பயில்வான் அதற்கெல்லாம் பதில் சொன்னதில்லை. ஒவ்வொரு வெளியூர்ப் பயணம் முடிந்ததும் இங்கே வந்து சில நாள் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கே போவார்.

ஜெபவீட்டின் மணல் முற்றத்தில், வேப்பமர நிழலில், குரு ஒரு பாயின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“வாரும் பயில்வான். தண்ணி குடியும்.”

பயில்வான் குடித்தார். ஒவ்வொரு மிடறும் கெஞ்சிக் கூத்தாடித்தான் உள்ளே இறங்கியது.

“நாளைக்குக் கன்வென்ஷன் கூட்டம் ஐயா.”

“தெரியும். பஸ் ஸ்டாண்டுச் செவரு பூரா உம்ம படம்தான். புஜத்தை மடக்கிக்கிட்டு நிக்கீரு.”

“அது பழைய படம்.”

“பாத்தாலே தெரியுது.”

படத்தின் கீழே கொட்டை எழுத்தில், ‘புற்றுநோயைப் புரட்டிப்போட்ட பயில்வான் சாட்சி கூறுகிறார்’ என்று போட்டிருந்தது. சுகமானவர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்வதுதான் சாட்சி. சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவன் என்று பெயராகும். கூட்டம் நடத்தும் பாஸ்டர் அதோடு நிற்கவில்லை.

“சாட்சி சொல்லாம விட்டா நோவு திரும்பி வந்துருமாம் ஐயா.”

“யாரு சொன்னா?”

“பாஸ்டருதான்.”

“ஓகோ. நோவு அவருகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் வருமாக்கும்.”

பயில்வானுக்குச் சிரிப்பு வரவில்லை. கை தானாகக் கழுத்தைத் தடவியது. அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. எச்சில் விழுங்கும்போது லேசாக உறுத்தினால்கூட உடம்பெல்லாம் வேர்த்துவிடும். கோதாவில் எவனைப் பார்த்தும் அவர் இப்படிப் பயந்ததில்லை.

“சொல்லிட்டுப் போக வேண்டியதுதானவே. உமக்கு என்ன, மேடை புதுசா?”

“சொல்லத்தான் ஐயா ஆசை. பொய் சொல்லுவானேன், அந்தக் கூட்டம், அந்தக் கைதட்டு, நெனச்சாலே உடம்பு முறுக்கேறுது. ‘விசுவாசிச்சேன், சுகமானேன், அல்லேலூயா’ன்னு ஆரம்பிக்கச் சொல்லிருக்காரு. நானும் வீட்டுல கண்ணாடியப் பாத்துச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். நேத்து வரைக்கும்.”

“நேத்து என்ன ஆச்சு?”

“அன்னப்பாக்கியம் வந்தா.”

அன்னப்பாக்கியம், தேவஇரக்கத்தின் மனைவி. தேவஇரக்கம் ஆஸ்பத்திரியில் பயில்வானுக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவர். கிராமத்து வேதக்கோயிலில் மணி அடிக்கிற வேலை. அவருக்கும் தொண்டையில்தான். கரண்டு வைக்கிற அறைக்கு இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் தள்ளிக்கொண்டு போவார்கள்.

அந்த நாட்களில் பயில்வான் வலி பொறுக்காமல் கடவுளை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவர் ஏசி ஓயும்வரை தேவஇரக்கம் பேசாமல் இருப்பார். சாயங்காலமானால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்து, பயில்வானின் வெந்த கழுத்தில் பட்டும் படாமல் கையை வைத்து ஜெபம் பண்ணுவார். தனக்கென்று அவர் ஒரு வார்த்தை கேட்டதாகப் பயில்வானுக்கு நினைவில்லை. குரல் முழுக்க அடைத்துப்போன பிறகும் உதடு அசைந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு காலையில் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. மத்தியானத்துக்குள் வேறு ஆள் வந்து படுத்துவிட்டார்.

“ஜெபம் பண்ணினது அவரு. பொழச்சது நானு,” என்றார் பயில்வான்.

குரு தைப்பதை நிறுத்தவில்லை.

“அன்னப்பாக்கியம் என்ன கேட்டா?”

பயில்வானின் உடைந்த குரல் இன்னும் தணிந்தது. “‘அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரவுகளுக்கு விசுவாசம் பத்தலன்னு சபையில பேசிக்கிடுதாவ. இருந்திருந்தா கர்த்தர் கைவிட்டுருப்பாரான்னு எம் மூஞ்சிக்கு நேராவே கேக்காவ. எம் மவளும் இப்பம் அதையே கேக்க ஆரம்பிச்சிட்டா. நீங்க பக்கத்துலயே கெடந்தீங்க, பாத்துருப்பீங்கல்லா. நெசந்தானா அண்ணாச்சி?’ன்னு கேட்டா.”

“நீரு என்ன சொன்னீரு?”

“காப்பி குடிச்சிட்டுப் போன்னு சொன்னேன்.”

“குடிச்சாளா?”

“இல்ல ஐயா. ‘கன்வென்ஷனுக்கு மொத ஆளா வந்து முன்னால உக்காருதேன். உங்க சாட்சியக் கேட்டுத் தெரிஞ்சிக்கிடுதேன்’னு சொல்லிட்டுப் போயிட்டா.”

மரத்திலிருந்து ஒரு காக்கை கத்திவிட்டுப் பறந்தது. பயில்வான் மணலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“விசுவாசத்தால பொழச்சேன்னு சொன்னா, அவரு அது இல்லாம செத்தாருன்னு ஆகுது. சொல்லாட்டா கர்த்தர் செஞ்சத மறைச்ச பாவம் எனக்கு. ஏசுனவன விட்டுட்டு ஜெபம் பண்ணினவர ஏன் ஐயா எடுத்துக்கிட்டாரு? நான் நாளைக்கு என்னத்தச் சொல்ல?”

குரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

“என்னையக் கீழ போடும்.”

“ஐயா?”

“கோதாவுல ஆளத் தூக்கிப் போடுவீருல்லா. அப்படிப் போடும்.”

“வெளையாடாதீங்க ஐயா. உங்க எலும்பு என்னத்துக்கு ஆகும்?”

“எலும்பு என்னுதுதான. போடும்வே.”

குரு சொல்லி மறுத்துப் பயில்வானுக்குப் பழக்கமில்லை. எழுந்து நின்றார். ஆளைத் தூக்குகிற பலம் இப்போது இல்லை, ஆனால் தூக்குவதற்குக் குருவிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை. இடுப்பை வளைத்துப் பிடித்து, காலைத் தட்டிவிட்டு, அப்படியே புரட்டினார். இத்தனை நோய்க்குப் பிறகும் உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. மணல் எழும்பி அடங்கியது. குரு மல்லாந்து கிடந்தார். பயில்வான் அவர்மேல் கவிழ்ந்து இரைத்துக்கொண்டிருந்தார்.

“அடி பட்டுட்டா ஐயா?”

“இல்ல.” குரு எழுந்திருக்கவில்லை. “பயில்வான், என் தலைக்குக் கீழ என்னமோ கெடக்கு.”

பயில்வான் பார்த்தார். அவருடைய இடது கைதான் அது. குருவின் பின்மண்டை அவர் உள்ளங்கைக்குள் இருந்தது. புறங்கை மணலில் தேய்ந்து தோல் வழன்றிருந்தது.

“இது எப்பம் வந்துச்சு?”

பயில்வானின் முகம் செத்துவிட்டது. கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் காப்பாற்றிய தொழில் ரகசியம், இப்படிக் குருவின் தலைக்கடியில் மாட்டிக்கொண்டது.

“தன்னால வந்துட்டு ஐயா. தொழில் பழக்கம்.”

“என்ன பழக்கம்?”

“டிக்கெட் குஸ்தியில, ஜெயிக்கிறது யாரு, விழுறது யாருன்னு முன்னாலயே பேசிருவோம். விழுதவன் நம்மள நம்பித்தான் உடம்ப விடுவான். ஜெயிக்கிறவன் போடும்போதே அவன் தலைக்குக் கை கொடுத்துரணும். சனத்துக்குத் தெரியாம கொடுக்கணும். தலை தரையில அடிச்சிட்டுன்னா அவன் தொலைஞ்சான்.”

“அப்பம் நீரு கொழும்புல ஜெயிச்சது?”

“பேசி வச்சதுதான்.”

“பினாங்குல?”

“எல்லாமே பேசி வச்சதுதான் ஐயா.”

கோபமோ கேலியோ வரும் என்று பயில்வான் காத்திருந்தார். இரண்டும் வரவில்லை.

“விழுந்தவனுவோ எல்லாம் உம்மவிடப் பலம் கொறஞ்சவனுவோதானா?”

“யாரு சொன்னா? என்னைய ஒத்தக் கையால மடக்கிப் போடுதவன்லாம் எனக்கு விழுந்துருக்கான். பலம் பத்தாம விழல ஐயா. அன்னைக்கு அவன் விழணும், அவ்வளவுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது பயில்வானின் காதில் விழுந்தது.

குரு அந்தக் கையிலேயே தலையை வைத்தபடி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேவஇரக்கம் விழும்போது கை கொடுத்தீரா?”

பயில்வான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பேசியபோது குரலோடு வேறு ஏதோவும் உடைந்திருந்தது.

“இல்ல ஐயா. கடைசியில அவருக்குச் சத்தம் வரல. எங் கட்டில் கம்பியத் தட்டினாரு. என்னையத்தான் கூப்பிடுதாருன்னு தெரிஞ்சிது. பயந்துட்டேன். அவரத் தொட்டா அந்தச் சாவு எனக்கும் வந்துரும்னு நெனச்சேன். செவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். தட்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் நின்னு போச்சு.”

அவருக்கு அழுகை வந்தது. வெந்த தொண்டை அழவும் விடவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. இருமி ஓயும்வரை குரு காத்திருந்தார். பயில்வானின் கை மட்டும் அந்தத் தலையை விட்டு நகரவில்லை.

“செத்துப் போனவருக்கு இனிமே எங்க போயி ஐயா கை கொடுக்க?”

குரு அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தார்.

“அவரு இன்னும் விழுந்து முடியல பயில்வான். தலை தரையில அடிக்கப்போறது நாளைக்குத்தான், நீரு மைக்கப் பிடிச்சு வாயத் தெறக்கும்போது.”