அம்பலவாணரின் அண்டாக் கிச்சிலி

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலத்தில், ஒரு துறைமுகப் பட்டினத்தில் அம்பலவாணர் என்றொரு வணிகர் இருந்தார். இருந்தார் என்றால், வயிறும் மீசையுமாக இருந்தார். அறிவு கொஞ்சம் பற்றாக்குறை.

அந்தப் பட்டினத்தின் துறைத்தலைவருக்கு வயதாகிவிட்டது. இரண்டு வருடத்தில் ராஜா நேரில் வந்து புதியவரை நியமிப்பார் என்று செய்தி வந்தது. அம்பலவாணருக்கு அந்தப் பதவியின் மேல் கொள்ளை ஆசை. ராஜாவை மயக்குவதற்கென்றே கடல் கடந்த தேசத்திலிருந்து நாரத்தை இனத்தைச் சேர்ந்த ஒரு குட்டிக் கிச்சிலி மரத்தை வரவழைத்தார்.

முழங்கால் உயரம்தான். நெல்லிக்காய் அளவில் பொன்னிறப் பழங்கள். தோல் இனிக்கும், சுளை புளிக்கும். அது அவருக்கு எங்கே தெரியும்? ஒன்றைக்கூடத் தின்று பார்த்தவரில்லை.

மண்தொட்டி கேவலம் என்று புதுப் பித்தளை அண்டாவில் மரத்தை நட்டார். வெயில் பட்டால் பித்தளை கறுக்கும் என்று கூடத்துக்குள் வைத்தார். இலை மினுங்க நெய் தடவினார். பூச்சூட்டிப் பொட்டு வைக்காததுதான் பாக்கி.

அந்த வீட்டில் சமைத்தவள் வெள்ளச்சி. அவள் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். அண்டாவின் அடியில் ஓட்டை போடுங்கள், தண்ணீர் தேங்கி வேர் அழுகும் என்றாள். பித்தளையின் அருமை உனக்குத் தெரியுமா என்றார். வெயிலில் வையுங்கள் என்றாள். மரம் என்ன வடகமா என்றார். பழுத்ததைப் பறியுங்கள், பறித்தால்தான் மறுபடி பூக்கும் என்றாள்.

"சட்டி கழுவுகிறவளுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். சொன்ன கையோடு, அழகைக் கெடுக்கிறது என்று ஒரு கோணல் கிளையை வெட்டிக் குப்பையில் எறிந்தார்.

வெள்ளச்சி அந்தக் கிளையை எடுத்து, விரிசல் விட்ட ஒரு சோற்றுப்பானையில் மண்ணிட்டு ஊன்றினாள். கொல்லை வெயிலில் வைத்து, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். கிளை வேர் பிடித்தது, பூத்தது, காய்த்தது. பழங்களை நறுக்கி, விதை நீக்கி, உப்பிட்டு ஊறுகாய் போட்டாள்.

கூடத்து மரமோ பழங்களை உதிர்த்தது. அம்பலவாணர் என்ன செய்தார் தெரியுமா? உதிர்ந்ததையெல்லாம் பட்டு நூலால் கிளையில் கட்டித் தொங்கவிட்டார்.

ராஜா வந்தார். அம்பலவாணர் வீட்டில்தான் விருந்து. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், நாக்கு செத்திருந்தது. பாயசத்தைத் தள்ளினார். பணியாரத்தைத் தள்ளினார். பாற்சோற்றையும் தள்ளினார். பிறகு கண் கிச்சிலி மேல் விழுந்தது.

"அதில் ஒன்று பறித்துக் கொடும். வாய்க்குப் புளிப்பாக இருக்கும்."

அது பார்ப்பதற்கு மட்டும் என்று அம்பலவாணர் மென்று விழுங்கினார். ராஜா தாமே எழுந்து பறித்தார். பழம் நூலோடு வந்தது. நசுக்கினால் உள்ளே வெறும் சக்கை. கூடியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அப்போது வெள்ளச்சி மிளகு ரசத்தோடு வந்தாள். கிச்சிலி பிழிந்த ரசம். கொதிக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும் என்று, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிந்தது. கூடவே ஊறுகாய். ராஜா மூன்று கிண்ணம் குடித்தார். நெற்றி வியர்த்தது, முகம் தெளிந்தது. இது எந்த மரத்துப் பழம் என்று கேட்டார்.

"இதே மரத்துக் கிளைதான், மகாராஜா. ஐயா வைத்திருப்பது பார்க்க. நான் வைத்திருப்பது பறிக்க."

ராஜா அம்பலவாணரைத் திரும்பிப் பார்த்தார். "முழங்கால் உயர மரத்தைக் காப்பாற்றத் தெரியாதவரிடம் துறைமுகத்தை எப்படிக் கொடுப்பது?"

பதவி எதிர்த்தெரு உப்பு வணிகருக்குப் போயிற்று. வெள்ளச்சி அரண்மனைச் சமையலறைக்குப் போனாள், பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

அதன் பிறகுதான் அம்பலவாணர் அண்டாவில் ஓட்டை போட்டார். மரம் அதற்குள் பட்டுப்போயிருந்தது. அண்டாவும் இனித் தண்ணீர் பிடிக்க உதவாது.

கேட்டவர்கள் மனத்தில் வையுங்கள்: யாருக்கும் உதவாமல் அழகுக்கு வைத்த பொருள் தானும் கெட்டு, வைத்தவரையும் ஊர்சிரிக்க வைக்கும்.