மொட்டைப்பாறைக்கு ஏறிப் போனவர்கள்

காட்டாற்றின் குறுக்கே விலங்குகள் எல்லாம் சேர்ந்து அணை கட்டிக்கொண்டிருந்தன. முந்தைய கோடையில் குட்டை வற்றிப் பல குட்டிகள் தாகத்தில் செத்திருந்தன. அதனால் யானை அரசர் அந்த வேலையைத் தொடங்கி வைத்தார். காட்டெருமைகள் கல் உருட்டின. மிளா மான்கள் மூங்கில் சுமந்தன. பன்றிகள் மண் தோண்டின.

கல் உருளும் இடத்தில் கால் நசுங்கும். அரசருக்கு அது தெரியும்.

"வேலையில் அடிபட்டவர்களுக்குக் குணமாகும்வரை பொதுக் கிடங்கிலிருந்து தீனி தர வேண்டும். அது பிச்சை அல்ல, அவர்கள் பங்கு!" என்றார் அவர்.

அதற்குக் காயப்பங்கு என்று பெயர் வந்தது. கிடங்கு மொட்டைப்பாறையின் உச்சியில் ஒரு குகையில் இருந்தது. வெள்ளம் எட்டாத இடம் அது ஒன்றுதான். நரி அதைக் காத்தது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து அரசரிடம் சொல்வது உடும்பின் பொறுப்பு.

உடும்பு நேர்மையானது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்குத்தான் மற்றவர்கள்மேல் சந்தேகம் அதிகம்.

முதல் வருடம் ஒரு கருங்குரங்கு காலில் இலையைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தது. இரண்டு மாதம் பங்கு வாங்கித் தின்றது. மூன்றாம் மாதம் எல்லோரும் பார்க்க ஒரே தாவலில் அத்திமரத்தின் உச்சிக்குப் போனது. காடே சிரித்தது.

"உடும்பையாவின் கண்ணில் மண்ணைத் தூவிட்டான்டா!" என்று பன்றிகள் புரண்டு புரண்டு சிரித்தன.

அந்தச் சிரிப்பு உடும்பின் தோலுக்கு அடியில் முள்ளாகத் தங்கிவிட்டது. மறுநாளே அது அணைக்கரையில் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று புது விதியை மூன்று முறை உரக்கச் சொன்னது.

"அடிபட்டவர் தாமே கிடங்குக்கு வர வேண்டும்! எந்த நாள், எந்தக் கால், எதனால், பார்த்தது யார், எல்லாம் தடுமாறாமல் சொல்ல வேண்டும்! தடுமாறினால் பங்கு கிடையாது!"

யாரும் சிரிக்கவில்லை. மேலே மரக்கிளையில் சில மலைமைனாக்கள் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தன.

அதன்பின் ஏமாற்று நின்றது. மாதா மாதம் நரி குகை வாசலில் நின்று சொல்லும், "இந்த மாதம் பங்கு வாங்கியவர் ஒருவர்." உடும்பு அதை அரசரிடம் சொல்லும். "ஒருவர்தானா? நல்லது!" என்பார் அரசர். உடும்புக்கு நெஞ்சு நிமிரும்.

உடும்பின் வீடு பாறையின் செங்குத்தான முகத்தில், நடுவே ஒரு வெடிப்பில் இருந்தது. நல்ல வெயில் விழும். அதன் கீழே மூங்கில் பள்ளம். காற்றடிக்கும்போது மூங்கில்கள் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பைக் கேட்டபடி கண்ணை மூடிப் படுத்திருப்பது உடும்புக்குப் பிடிக்கும்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் பள்ளம் முழுவதும் பனி நிறைந்து கிடந்தது. உடும்பு கண்ணை மூடியிருந்தது. முணுமுணுப்பு கேட்டது. ஏதோ உறுத்த, கண்ணைத் திறந்தது.

காற்றே இல்லை.

பனிக்கு வெளியே நீட்டியிருந்த மூங்கில் நுனிகள் அசையவில்லை. ஒரு இலைகூட ஆடவில்லை. ஆனால் முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை.

 பனியை விட்டு வெளிச்சத்துக்குப் போய்விட உடும்பு அணைக்கரைக்கு இறங்கியது. அங்கே வந்ததும் வேறொன்று கண்ணில் பட்டது. கரை நீண்டிருந்தது. வேலை செய்கிறவர்கள் குறைந்திருந்தார்கள். முன்பு இருபது காட்டெருமைகள் தள்ளிய கல்லை இப்போது பதினொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

"ஒச்சம்மா எங்கே?" என்று கேட்டது உடும்பு. ஒச்சம்மா காட்டெருமைகளுக்கு முன்னத்தி. அவள் குரல் கொடுத்தால்தான் கல் நகரும்.

மண் தோண்டிக்கொண்டிருந்த கிழப்பன்றி நிமிர்ந்தது. "மேல போயிருக்கா."

"எப்போது?"

"ஒம்பது நாளாச்சு. கால்ல கல்லு உருண்டிருச்சு. காயப்பங்கு வாங்கப் போனா. குடுத்துவெச்சவ, உக்காந்து திங்கிறா!"

"நம்ம கொம்பு மிளாவும் மேலதான். அவன் போயி மூணு மாசம்!" என்றது இன்னொரு பன்றி. "இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. மேல சாப்பாடு அம்புட்டு ருசியா ஐயா?"

"எங்க ஆளுகள எப்பத்தான் கீழ அனுப்புவீக? இல்ல, நாங்களும் ஒரு காலை நசுக்கிக்கிட்டு வந்திரட்டுமா?"

பன்றிகள் சிரித்தன. உடும்பு நாக்கை நீட்டி நீட்டி உள்ளிழுத்தது. 

அது திரும்பிப் பாறை முகத்தில் நேராக ஏறியது. எப்போதும் அப்படித்தான் ஏறும். நகத்தைப் பதித்தால் போதும், உடும்புக்குச் செங்குத்தும் சமதளமும் ஒன்று.

குகைக்குள் புளித்த வாடை வீசியது. கிழங்குக் குவியல் அடியில் அழுகிக் கிடந்தது. தழைக்கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மூலையில் ஒரே ஒருவர் சாய்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். அதே கருங்குரங்கு.

"ஒச்சம்மா எங்கே?" என்றது உடும்பு.

"எந்த ஒச்சம்மா?" என்றது நரி.

"கொம்பு மிளா?"

"அப்படி யாரும் வரவில்லையே, உடும்பையா. வந்த யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. சத்தியம்! வந்தவர் இவர் ஒருவர்தான்."

கருங்குரங்கு எழுந்து கும்பிட்டது. "விதிப்படி வந்தேன் சாமி. நானே ஏறி வந்தேன். தடுமாறாம சொன்னேன்."

"எந்தக் கால்?"

"இந்த மாசம் இடது!"

உடும்பு சிரிக்கவில்லை. கீழே இருப்பவர்கள் மேலே போனார்கள் என்கிறார்கள். மேலே இருப்பவன் யாரும் வரவில்லை என்கிறான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் அவர்கள் எங்கே?

இரண்டுக்கும் நடுவே இருப்பது வளைவுப்பாதை மட்டும்தான். ஏழு திருப்பங்கள் கொண்ட நடைபாதை. இத்தனை வருடத்தில் உடும்பு அதில் ஒரு தடவைகூட நடந்ததில்லை.

அது பாதை வழியே கீழ்நோக்கி நடக்கத் தொடங்கியது. பனி அடர்ந்து வந்தது. தன் வால் தனக்கே தெரியவில்லை. முதல் திருப்பத்தில் பாதையில் குளம்புத்தடம் எதுவும் இல்லை. குரங்கின் கைத்தடம் மட்டும் இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே.

மூன்றாவது திருப்பத்தில் பாதை ஒடுங்கியது. பாறை வெளிப்பக்கம் சரிந்து, பாசி படிந்து வழுவழுவென்று இருந்தது. அங்கேதான் உடும்பு குளம்புத்தடங்களைப் பார்த்தது. எல்லாம் கீழேயிருந்து மேலே வந்தவை. சில மூன்று கால் தடங்கள். சிலவற்றில் நாலாவது காலின் கோடு, இழுத்துக்கொண்டு வந்ததுபோல். எல்லாத் தடங்களும் அந்தச் சரிவுவரை வந்திருந்தன. அதற்குமேல் பாசியில் நீளமான கீறல்கள்.

பிறகு விளிம்பு.

உடும்பு விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தது. அப்போது கீழேயிருந்து குரல் கேட்டது.

"நான் மிளா. வளர்பிறை மூணாம் நாள். வலது முன்னங்கால். மூங்கில் சரிஞ்சுது. பாத்தது கிழப்பன்றி. சரியா சொன்னேனா ஐயா?"

"யாரது?" என்று கத்தியது உடும்பு.

 பிறகு அதே குரல், அதே ஏற்ற இறக்கத்தில், முதலிலிருந்து.

"நான் மிளா. வளர்பிறை மூணாம் நாள்..."

உடும்பு பாறையில் நகத்தைப் பதித்து இறங்கியது. முள்மூங்கில் இடுக்கில் ஒரு பெரிய கொம்பு கிடந்தது. பாசி பிடித்த கொம்பு. அருகே வெளுத்த விலா எலும்புகள். கொம்பின் கிளையில் ஒரு மலைமைனா உட்கார்ந்திருந்தது. அது வாயைத் திறந்தது. மிளாவின் குரல் வந்தது.

"சரியா சொன்னேனா ஐயா?"

சற்றுத் தள்ளி இன்னொரு மைனா பதில் சொல்வதுபோல் ஒரு பன்றியின் குரலில் தொடங்கியது. "நான் பன்றி. பௌர்ணமிக்கு மறுநாள். இடுப்பு..." அதற்கப்பால் இன்னொன்று. இன்னொன்று. பள்ளம் முழுக்க.

விழுந்தவர்கள் உடனே சாகவில்லை. மேலே போனதும் தடுமாறிவிடக் கூடாதே என்று படுத்தபடியே சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். நாள் கணக்கில், திரும்பத் திரும்ப. மைனாக்கள் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டன. குரலுக்குச் சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். குரல்கள் போகவில்லை. இதைத்தான் உடும்பு வெயிலில் படுத்துக்கொண்டு சுகமாகக் கேட்டிருக்கிறது.

கொம்பில் இருந்த மைனா தலையைச் சாய்த்து உடும்பைப் பார்த்தது. பிறகு உடும்பின் குரலிலேயே பேசியது.

"அடிபட்டவர் தாமே கிடங்குக்கு வர வேண்டும்! தடுமாறினால் பங்கு கிடையாது!"

உடும்பு பின்வாங்கியது. ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடியும் இருக்கும். அந்த நேரம் புதருக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. மைனா பெருமூச்சு விடாது.

ஒச்சம்மா மூங்கில் தூரில் சாய்ந்து கிடந்தாள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். வாய் எட்டும் தூரத்தில் இருந்த புல்லையும் இலையையும் தின்று தீர்த்திருந்தாள். உடும்பைக் கண்டதும் தலையைத் தூக்க முயன்றாள்.

"நான் ஒச்சம்மா. தேய்பிறை... தேய்பிறை ஆறாம் நாள்..."

"சொல்ல வேண்டாம் ஒச்சம்மா!"

"இல்ல ஐயா, சொல்லிடுறேன். வலது பின்னங்கால்... இல்ல, இடது... அய்யோ, தடுமாறிட்டேனே!" அவள் கண்ணில் நீர் வழிந்தது. "மொதல்லேருந்து சொல்லட்டுமா?"

நசுங்கிய கால் கண் முன்னே கிடந்தது. அதைப் பார்க்க யாருடைய சாட்சியும் தேவைப்படவில்லை.

உடும்பு பாறையில் ஏறிய வேகத்தில் நகங்கள் பிய்ந்தன. குகைக்குள் புகுந்து, "ஒச்சம்மா பள்ளத்தில் கிடக்கிறாள்!" என்றபடி தழைக்கட்டுகளை வாசலுக்கு உருட்டியது.

"ஐயா! ஐயா! விதி என்ன ஆவது?" என்று நரி பதறியது. "ஒச்சம்மா தாமே வரவில்லையே!"

"விதியைப் போட்டவன் நான். தள்ளு!"

நரி தள்ளியது. கருங்குரங்குகூட ஒரு கை கொடுத்தது. கட்டுகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் விழுந்தன. ரொம்ப நேரம் கழித்து, கீழே யாரோ மென்று தின்னும் சத்தம் கேட்டது. உடும்பு அதைக் கேட்டபடி விளிம்பிலேயே படுத்துக்கிடந்தது.

மறுநாள் அரசர் முன் நின்றபோது நரியைக் கைகாட்டிவிட உடும்புக்கு ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. கிடங்கு அழுகியது உண்மை. நரி கொழுத்ததும் உண்மை. ஆனால் பாசியில் இருந்த கீறல்கள் கண்ணை விட்டு அகலவில்லை.

"அரசே, ஒரு குரங்கு என்னை ஏமாற்றியது. எல்லோரும் சிரித்தார்கள். அதைத் தாங்க முடியாமல் ஒரு விதி போட்டேன். ஏற முடிந்தவருக்குத்தான் பங்கு என்று ஆகிவிட்டது. ஏறி வந்தது அந்தக் குரங்கு ஒன்றுதான். மற்றவர்களை நான் கொன்றுவிட்டேன்."

யானை அரசர் எழுந்தார். வளைவுப்பாதைக்கு நடந்தார். மற்ற விலங்குகள் பின்தொடர்ந்தன. கீழிருந்து நாலு திருப்பம் போனதும் அவர் பாதத்துக்குப் பாதை போதவில்லை. அங்கேயே நின்றார். பள்ளத்திலிருந்து குரல்கள் எழுந்தன. பன்றிகள் தங்கள் ஆட்களின் குரல்களை அடையாளம் கண்டு அலறி அழுதன.

"மாதா மாதம் ஒருவர் என்றாய்," என்றார் அரசர். "நல்லது என்றேன் நான். இத்தனை கல் உருளும் இடத்தில் ஏன் ஒருவர்தான் என்று நான் கேட்கவில்லையே!"

அன்றே ஏற்பாடுகள் மாறின. கிடங்கு அணைக்கரைக்கு வந்தது, மேடு கட்டி அதன்மேல் வைத்தார்கள். அடிபட்டவர் இருக்கும் இடத்துக்குப் பங்கைச் சுமந்து போவது நரியின் வேலை ஆனது. அதற்கு ஒரு வாரத்தில் தொப்பை கரைந்தது. குரங்குக்கு இரண்டு காலும் நன்றாக இருப்பதால் இரண்டு கூடை மண்.

"நான் விலகிக்கொள்கிறேன்," என்றது உடும்பு.

"அது உனக்குச் சுலபம். வேண்டாம்!" என்றார் அரசர். "இனி எத்தனை பேர் பங்கு வாங்கினார்கள் என்று என்னிடம் சொல்லாதே. போன மாதம் கரையில் இருந்தவர்களில் இந்த மாதம் யார் இல்லை, அவர்கள் எங்கே என்று சொல். உன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்!"

ஒச்சம்மாவை மிளாக்கள் மூங்கில் படல் கட்டித் தூக்கி வந்தன. அவள் பிழைத்தாள். கால் எலும்பு மட்டும் சேரவில்லை. கரையில் படுத்தபடியே குரல் கொடுப்பாள், கல் நகரும்.

மைனாக்கள் தங்கள் குஞ்சுகளுக்கும் அந்தப் பேச்சைப் பழக்கிவிட்டன. பனி இறங்கும் காலைகளில் பள்ளம் இன்னும் முணுமுணுக்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மிரண்டு, "அது என்ன சத்தம்?" என்று கேட்பார்கள். உடும்பு பதில் சொல்லாது. எழுந்து அந்த மூன்றாவது திருப்பத்துக்கு நடந்தே போகும். விளிம்பில் நின்று ஒவ்வொரு குரலையும் கடைசிவரை கேட்கும்.

"சரியா சொன்னேனா ஐயா?"

"சரியாகச் சொன்னாய்," என்று சொல்லும் உடும்பு.

மைனாவுக்கு அந்தப் பதிலை என்ன செய்வதென்று தெரியாது. அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

உதவி கேட்டு வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து நிம்மதி அடைகிறவன், வர முடியாமல் வழியில் விழுந்தவர்களின் சாவுக்குப் பொறுப்பாளி ஆகிறான்.