கரிச்சான் இழந்த உச்சிக் காவல்

அந்தக் காலத்தில் மிருகம், பறவை, மனுஷர் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். காட்டில் தீப் பிடித்தால் கத்திச் சொல்ல, மலையுச்சிப் பாறையில் கரிச்சான் குருவியை வைத்திருந்தார்கள். கூர்மையான கண், பெரிய குரல். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

ஒரு கோடையில் நஞ்சியின் புருஷன் கோமன் தேனெடுக்கக் கிளம்பினான். செங்குத்துப் பாறையில் கொடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் அடையை அறுக்க வேண்டும். மேலே கொடியைக் காக்க நஞ்சியின் தம்பி மாதன் போனான்.

"புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறதே. தீ வந்தால்?" என்றாள் நஞ்சி.

"கரிச்சான் கத்துவான். நீ போய்க் கிழங்கை வேகவை" என்றான் கோமன்.

தீ வந்தது. கரிச்சான்தான் முதலில் பார்த்தது. புகைக்கு முன்னால் வெட்டுக்கிளிகள் கூட்டமாய்த் தப்பிப் பறந்தன. ஒரு வாய் தின்றுவிட்டுக் கத்தலாம் என்று இறங்கியது. அப்புறம் இன்னொரு வாய். வயிறு நிறைந்து அது கத்தியபோது தீ மாதன் நின்ற பாறை மேட்டுக்கு ஏறிவிட்டது.

நஞ்சி ஓடிப்போய்ப் பார்த்தாள். மாதன் முதுகு வெந்துகொண்டிருந்தது. கொடியை அவன் விடவில்லை. அவளும் சேர்ந்து பிடித்து இழுத்தாள். கோமன் மேலே வந்தான். மூவரும் ஓடையில் விழுந்து பிழைத்தார்கள். மாதனை வாழை இலையில் கிடத்தினார்கள்.

மறுநாள் காடே கூடியது.

"நான்தான் கத்தினேனே" என்றது கரிச்சான்.

"கத்தினாய். வாயில் வெட்டுக்கிளிக் கால் தொங்கியது" என்றது மந்தி.

"பருந்தை வைப்போம்" என்றது கரடி.

"வேண்டாம். தீக்குப் பயந்து ஓடுகிற எலி அதற்கு விருந்து" என்றாள் நஞ்சி. "கொடி காக்க யாரை நிறுத்துகிறோம்? பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனை. கொடி அறுந்தால் தாலி போவது அவன் அக்காவுக்கு. அதனால் விடமாட்டான். தீக்காவலுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். தீயால் ஆதாயம் இருக்கக்கூடாது. காட்டுக்குள் சொந்த ஆள் இருக்கவேண்டும்."

"அப்படி யார் இருக்கிறார்கள்?" என்றது கரடி.

"ஏன், நான் இல்லையா?"

உச்சியில் மரக்கம்புகள் நட்டுப் பரண் கட்டி ஏறி உட்கார்ந்தாள் நஞ்சி. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அதைக் கல்லால் கட்டினார்கள்.

கரிச்சான் அதற்கப்புறமும் கத்திப் பார்த்தது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. மைனா போல, பருந்து போலக் கத்தினால் மட்டும் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள்.

அன்று முதல்தான் மலையுச்சித் தீக்காவல் கோபுரத்தில் மனுஷர் உட்கார்ந்திருக்கிறார்கள். கரிச்சான் கீழே மரத்தில் இருந்துகொண்டு, தன் குரல் எடுபடாமல், ஊரார் குரலில் எல்லாம் கத்திக்கொண்டிருக்கிறது.