வேலைக்குப் போயிட்டு வா

பனியன் கம்பெனிகள் நிறைந்த ஊர் அது. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்காக அரசாங்கம் அங்கே ஒரு காப்பகம் வைத்திருந்தது. அதற்கு அதிகாரி பரமதயாளன். தயவெல்லாம் பேரோடு சரி.

ஒருநாள் காலையில் தங்கபுஷ்பம் இடுப்பில் பிள்ளையோடு அவர் முன்னால் வந்து நின்றாள். பிள்ளையோடு போனால் கம்பெனிக்காரன் உள்ளே விடமாட்டான். இன்றைக்குச் சேராவிட்டால் அவளுக்கென்று வைத்திருக்கும் தையல் மெஷின் வேறொருத்திக்குப் போய்விடும்.

"உனக்கு வேலை இருக்கா?"

"பிள்ளையை இங்க விட்டாத்தான் சார் வேலை."

"வேலைக்குப் போறவங்களுக்குத்தான் இந்த இடம். முதல்ல வேலைக்குப் போயிட்டு வா. அப்புறம் பார்க்கலாம்."

"ஆகட்டும் சார்" என்று பிள்ளையை அவர் மடியில் உட்காரவைத்துவிட்டு அவள் வாசலைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், எங்கே போறே?"

"வேலைக்குத்தான் சார். நீங்கதானே போயிட்டு வரச் சொன்னீங்க?"

பிள்ளை மேஜைமேல் இருந்த மைப்பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று கைவிட்டுப் பார்த்தது. பார்த்த கையை அவருடைய வெள்ளைச் சட்டையில் துடைத்தது.

"ஐயோ, தூக்கும்மா! இதை மடியில வெச்சுக்கிட்டு மனுஷன் எப்படி வேலை பார்க்கிறது?"

"அதையேதான் சார் கம்பெனிக்காரனும் கேட்கிறான்."

பிள்ளைகளை விட வந்து வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பரமதயாளன் பிள்ளையை உள்ளே கொண்டுபோக ஆயாவைக் கூப்பிட்டார். அதற்குள் தங்கபுஷ்பம் கம்பெனித் தெருவில் பாதி தூரம் போயிருந்தாள்.