ஸ்டாப்

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜ். வங்காளத்திலிருந்து நோயாளிகளைக் கூட்டி வருகிறவர்கள் தங்குமிடம். அதன் மொட்டை மாடிக் கொட்டகையில், கொஞ்சம் வங்காளம் பேசும் ஜெசிந்தா டீச்சர் தினமும் நாலு மணிக்கு அவர்களுக்கு ஓர் இங்கிலீஷ் வினைச்சொல் சொல்லிக்கொடுப்பார். நர்ஸ் சொல்வது புரிய வேண்டும், அவ்வளவுதான். எந்தச் சொல்லையும் செய்துதான் காட்டுவார். ‘ஈட்’ நடத்திய அன்று பிஸ்கட் கொடுத்தார். கூட்டம் தாங்கவில்லை.

அன்று வகுப்பு முடிந்தும் நிதாய் எழுந்திருக்கவில்லை. படகோட்டி. ஒன்பது வயது மகள் ஷெஃபாலி பதினெட்டு நாளாக மூச்சு மெஷினில் இருக்கிறாள்.

“தீதிமொணி, ஸ்டாப்புன்னா என்ன?” டீச்சரை அவர்கள் ஊர் வழக்கில் அப்படித்தான் கூப்பிடுவார்.

“தெரியாதா? ஆட்டோக்காரர்கிட்ட தினம் கத்துறீங்களே.”

“நோட்டுல எழுதி வச்சிருக்கேன். பஸ் நிக்குறது, மழை நிக்குறது. பஸ் மறுபடி கிளம்பும். மழை மறுபடி பெய்யும்.” நோட்டை மூடினார். “இனி பிழைக்க மாட்டா, மெஷினை ஸ்டாப் பண்ணலாமான்னு டாக்டர் கேட்டார். ஆறு மணிக்குப் பதில் சொல்லணும். அந்த ஸ்டாப்பைச் செஞ்சு காட்டுங்க.”

பக்கத்தில் இரும்புக் குழாயில் கட்டிய சேலைத் தூளியில் டீச்சரின் ஐந்து மாதக் குழந்தை. வகுப்பு முழுக்க ஒரு கை அதை ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கையை எடுத்தார்.

தூளி கொஞ்ச நேரம் தானாக ஆடியது. பிறகு நின்றது.

“யார் நிறுத்தினது?”

“யாரும் இல்ல. அதுவா நின்னுச்சு.” நிதாய் தூளியையே பார்த்தார். “ஆனா நீங்க கையை எடுத்தீங்க. அப்பன் கையை எடுத்துட்டான்னு அவ நினைப்பாளே.”

டீச்சர் குனிந்து குழந்தையின் மூக்கருகே விரல் வைத்தார். மூச்சு படும்வரை எடுக்கவில்லை.

“தூங்குதுதானே?”

“தூங்குதுதான். இருந்தாலும் பார்ப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல.”

“நீங்களா இருந்தா சரின்னு சொல்லுவீங்களா?”

“எனக்கு வாய் வராது அண்ணா.”

கீழே ஆஸ்பத்திரி வாசலில் பார்வையாளர்கள் வரிசை நகரத் தொடங்கியது. நிதாய் எழுந்தார். கால் படியை நோக்கிப் போகவில்லை.

டீச்சர் குழந்தையைத் தூளியிலிருந்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வாங்க, நானும் வரேன். தப்பாக் காட்டிட்டேன். டாக்டர் மெஷினைத்தான் கேட்டார். உங்க கையைக் கேட்கலை.”